மும்பை - சென்னை விமானத்தில் 2 மணி நேரம். வீட்டு வாசலுக்கு எத்தனை மணி?

"விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரம். இதோ வந்துவிடுகிறேன்."

மும்பையில் இருக்கும் நம்மவர்கள் ஊருக்குப் போனில் சொல்லும் வார்த்தை இது. கல்யாணம், காதுகுத்து என்றால் பாதகமில்லை. அரை நாள் முன்பின் ஆனாலும் பந்தியில் இடம் இருக்கும். ஆனால் பெற்றவர் கண்மூடிவிட்டார் என்ற செய்தி வந்து, "எத்தனை மணிக்கு வருவாய்? அதை வைத்துத்தான் எடுக்கிற நேரம் சொல்ல வேண்டும்" என்று ஊரிலிருந்து கேட்கும்போது, இந்த "இரண்டு மணி நேரம்" பெரிய விஷயமாகி விடுகிறது.

மூத்த மகன் வருவான் என்று நூறு பேர் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் சொன்ன மணியை நம்பித்தான் எல்லா ஏற்பாடும் நடக்கும். அந்த மணி தப்பினால், முகம் பார்க்க முடியாமலே போய்விடும்.

மும்பைக்கும் சென்னைக்கும் உண்மையில் எவ்வளவு தூரம்? விமானம் பறப்பது எவ்வளவு நேரம்? வீட்டு வாசலில் புறப்பட்டு வீட்டு வாசலில் போய் இறங்க எவ்வளவு நேரம்? இந்த மூன்றுக்கும் விடை வேறு வேறு. அதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஒரே ஊருக்கு மூன்று தூரம்

மும்பை விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்கோடு போட்டால் சுமார் 1,030 கிலோ மீட்டர். மைல் கணக்கில் ஏறத்தாழ 640.

அதே சென்னைக்கு ரெயிலில் போனால் சுமார் 1,280 கிலோ மீட்டர். புனே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பா, ரேணிகுண்டா, அரக்கோணம் என்று போகிற பாதை இது.

சாலை வழியில் புனே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூர் என்று சுற்றிக்கொண்டு போனால் 1,300 கிலோ மீட்டரைத் தாண்டும்.

ஆகாயத்தில் போகிற நேர்கோடு எந்த ஊர்களின் மேல் போகிறது என்று வரைபடத்தில் பார்த்தால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பீஜப்பூர் பக்கமாகப் போய், கிருஷ்ணா நதியைத் தாண்டி, ராய்ச்சூர் மாவட்டத்தில் பாதித் தூரத்தைத் தொட்டு, குண்டக்கல் அருகே கடந்து, கடப்பா பக்கமாகச் சென்னைக்குள் இறங்குகிறது அந்தக் கோடு. ரெயில் பாதை சோலாப்பூர் பக்கம் வளைந்து போனாலும், குண்டக்கல் அருகே கோடும் தண்டவாளமும் கிட்டத்தட்டச் சந்தித்துக் கொள்கின்றன!

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ரெயில் பாதை போட்ட இன்ஜினீயர்கள், மலையையும் ஆற்றையும் தாண்டுவதற்காக எவ்வளவு சுற்ற வேண்டுமோ அவ்வளவுதான் சுற்றியிருக்கிறார்கள். கூடுதல் 250 கிலோ மீட்டர், அவ்வளவே.

ராய்ச்சூரில் கை குலுக்கிய தண்டவாளங்கள்

இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந்தேதி பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஒன்று பம்பாய்க் கம்பெனி. மற்றொன்று சென்னைக் கம்பெனி. இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்தன.

பம்பாய்ப் பக்கம் குறுக்கே நின்றது மேற்குத் தொடர்ச்சி மலை. கர்ஜத்திலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் போர்காட் மலைப்பாதை 1863-ல் திறக்கப்பட்டது. அந்த ஏற்றம் எப்படிப்பட்டது தெரியுமா? 37 அடி நடந்தால் ஓர் அடி உயரம்! ரெயிலுக்கு இது மிகக் கடுமையான ஏற்றம். அதனால்தான் கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் தள்ளும் இன்ஜின்களைச் சேர்த்தார்கள். அந்த மலையைக் குடைந்து பாதை போடும்போது காலராவாலும் விபத்தாலும் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஊருக்குப் போகும்போது ஜன்னல் வழியே அருவியைப் பார்க்கிறோமே, அந்தப் பாதை அவர்கள் ரத்தத்தில் போட்டது.

கடைசியில் 1871-ல் இரண்டு கம்பெனிகளின் தண்டவாளங்களும் ராய்ச்சூரில் இணைந்தன. அன்றுதான் பம்பாயும் சென்னையும் ரெயிலால் ஒன்றாயின. வான்வழி நேர்கோட்டின் நடுப்புள்ளியும் அதே ராய்ச்சூர் மாவட்டத்தில்தான் விழுகிறது என்பது தற்செயலான பொருத்தம்.

இன்று இந்தப் பாதையில் விரைவு வண்டிகள் 1,280 கிலோ மீட்டரைக் கடக்கச் சுமார் 22 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. சராசரி வேகம் மணிக்கு 55 கிலோ மீட்டர் அளவே.

தபால் மூட்டையோடு வந்த முதல் விமானம்

பம்பாய்க்கும் சென்னைக்கும் முதல் விமானப் போக்குவரத்து ஆட்களுக்காக ஏற்பட்டதல்ல, தபாலுக்காக.

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி கராச்சியிலிருந்து ஒரு சின்ன "புஸ் மாத்" விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவில் வந்து இறங்கினார் ஜே.ஆர்.டி. டாட்டா. அவரே விமானி! அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் பறந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.

ஆனால் அவரும் அன்றே சென்னைக்கு வந்து சேரவில்லை. பெல்லாரியில் இறங்கி இரவு தங்கி, மறுநாள்தான் சென்னைக்கு வந்தார். இருட்டில் பறக்க அன்று வசதி கிடையாது. விமானத்தின் வேகமும் மணிக்குச் சுமார் 160 கிலோ மீட்டர்தான்.

அந்த டாட்டா விமானக் கம்பெனிதான் 1946-ல் "ஏர் இந்தியா" ஆயிற்று. 1949-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி இன்னொரு புதுமை வந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் விமானங்கள் புறப்படும். நடுநிசியில் எல்லாம் நாகபுரியில் கூடும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியற்காலையில் அவரவர் ஊர் திரும்பிவிடும். இன்று மாலை பம்பாயில் போட்ட கடிதம் மறுநாள் சென்னையில் கிடைத்தது.

1953-ல் விமானக் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு, உள்நாட்டுப் போக்குவரத்து "இந்தியன் ஏர்லைன்ஸ்" கைக்கு வந்தது. சட்டப்படியான அந்த ஏகபோகம் 1994 வரை நீடித்தது. அந்த நாளில் ஊரிலிருந்து "உடனே புறப்பட்டு வரவும்" என்று தந்தி வந்தாலும், ஆலைத் தொழிலாளியோ ஆபீஸ் குமாஸ்தாவோ விமானத்தை நினைத்துப் பார்க்கவில்லை. விக்டோரியா டெர்மினசுக்கு ஓடி, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே போனவர்கள்தான் அதிகம். மறுநாள் போய்ச் சேரும்போது சாம்பல்தான் மிச்சம். தந்தி சேவையே 2013 ஜூலையில் முடிந்துபோனது. இப்போது செய்தி ஒரு நொடியில் வந்துவிடுகிறது. ஆனால் ஆள் போய்ச் சேருவதற்குப் பழையபடி மணிக்கணக்கு உண்டு.

1,030 கிலோ மீட்டருக்கு 2 மணி நேரம் ஏன்?

நியாயமான ஒரு கேள்வி: விமானம் மணிக்கு 800 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கிறது என்கிறார்களே, 1,030 கிலோ மீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் போதாதா? டிக்கெட்டில் 1 மணி 50 நிமிடம், 2 மணி என்றெல்லாம் போடுகிறார்களே?

டிக்கெட்டில் போட்டிருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கிய நிமிடம் முதல், இறங்கிய ஊரில் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும் வரை உள்ள மொத்த நேரம் அது.

மும்பையில் ஓடுபாதைகள் இரண்டு இருந்தாலும் அவை ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொள்கின்றன. ஆகவே ஒரே சமயத்தில் இரண்டையும் பயன்படுத்த முடியாது. விமானங்கள் வரிசையில் நிற்கின்றன. பிறகு 10 கிலோ மீட்டருக்கு மேல் உயரம் ஏறுவதற்கு ஒரு நேரம். இறங்குவதற்கு ஒரு நேரம். அந்த நேரங்களில் முழு வேகம் கிடையாது. சென்னை அருகே வந்ததும், முன்னால் உள்ள விமானம் இறங்கும் வரை வட்டமடிப்பதும் உண்டு. ஒன்றேகால் மணி இரண்டு மணியாவது இப்படித்தான்.

காற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. இதை ஆராய்ந்து 1958-ல் உலகுக்கு விளக்கியவர் நமது வானிலை விஞ்ஞானி பி.கோடீஸ்வரம். விமானம் பறக்கும் உயரத்திலும் இதன் வேகம் ஓரளவு உண்டு. ஆகவே ஆடி மாதத்தில் சென்னைக்குப் போகும்போது எதிர்க்காற்று. மும்பைக்குத் திரும்பும்போது பின்காற்று. போகவும் வரவும் சில நிமிடங்கள் வித்தியாசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நிமிடங்களுக்கு ரூபாய் மதிப்பும் உண்டு

விமானத்தின் பயண நேரத்தை வைத்தே பயணிகளின் உரிமைகள் நிர்ணயிக்கப்பட்டுள்ளன. இது பலருக்குத் தெரியாது.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பயண நேரம் 2½ மணிக்குள் உள்ள விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், நேரத்தோடு வந்து காத்திருக்கும் பயணிக்கு உணவோ சிற்றுண்டியோ தர வேண்டும். மும்பை - சென்னை விமானங்கள் இந்த வகையில் வருகின்றன. தாமதம் 6 மணிக்கு மேல் போகும் என்றால், வேறு விமானம் அல்லது முழுப்பணம் கேட்கலாம்.

முன்கூட்டி அறிவிக்காமல் ரத்து செய்தால் நஷ்டஈடு உண்டு. பயண நேரம் 1 மணியிலிருந்து 2 மணி வரை என்றால் 7,500 ரூபாய். 2 மணிக்கு மேல் என்றால் 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது. ஆகவே டிக்கெட்டில் 1 மணி 55 நிமிடம் என்று இருப்பதும் 2 மணி 5 நிமிடம் என்று இருப்பதும் ஒன்றல்ல! புயல், மழை போன்று கம்பெனியின் கையில் இல்லாத காரணம் என்றால் இந்த நஷ்டஈடு கிடையாது.

அந்தக் காரணமும் அடிக்கடி வருவதுதான். 2005 ஜூலை 26 மழையில் மும்பை விமான நிலையம் மூடப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் மூடப்பட்டது. மும்பைக்கு ஜூலை, சென்னைக்கு டிசம்பர். இந்த இரண்டு மாதங்களில் வானத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

வாசலிலிருந்து வாசலுக்கு

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். தாராவியில் இருக்கும் ஒருவர், சொந்த ஊர் வள்ளியூர் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, முழுவதும் ரெயில். மும்பையிலிருந்து நெல்லை, நாகர்கோவில் பக்கம் நேராகப் போகும் வண்டிகள் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். எல்லாம் தினசரி வண்டிகள் அல்ல. அவசரத்துக்கு அன்று வண்டி இருக்க வேண்டும். இடமும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது வழி, சென்னை வரை விமானம், பிறகு ரெயில் அல்லது பஸ். வீட்டிலிருந்து புறப்பட்டு விமானம் நகரும் வரை 3 மணி நேரம். விமானம் 2 மணி. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி முதல் முக்கால் மணி. அடுத்த வண்டிக்குக் காத்திருப்பு. பிறகு நெல்லைப் பக்கம் போக ரெயிலில் 8 முதல் 11 மணி நேரம். கூட்டிப் பார்த்தால் 16 மணி நேரத்துக்குக் குறையாது. மாலை வண்டியைத் தவறவிட்டால் இன்னும் கூடும்.

மூன்றாவது வழி, திருவனந்தபுரத்துக்கு விமானம். மும்பையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,260 கிலோ மீட்டர். சென்னையை விட 230 கிலோ மீட்டர் அதிகம்; விமானத்தில் கூடுவது கால் மணி, அரை மணிதான். ஆனால் அங்கிருந்து நாகர்கோவில் சுமார் 70 கிலோ மீட்டர். வள்ளியூர் சுமார் 100 கிலோ மீட்டர். வீட்டிலிருந்து புறப்பட்ட 9 அல்லது 10 மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம்!

ஒரே ஊர், ஒரே அவசரம். ஒரு வழியில் ஒன்றரை நாள், இன்னொரு வழியில் முக்கால் நாள், மற்றொரு வழியில் அரை நாளுக்கும் குறைவு. தூரம் அதிகமான விமானமே ஊருக்குச் சீக்கிரம் கொண்டுபோய் விடுகிறது. "தமிழ்நாட்டுக்குப் போக சென்னைக்குத்தான் பறக்க வேண்டும்" என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

மதுரை நேர்கோட்டில் சுமார் 1,170 கிலோ மீட்டர். விருதுநகர், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் மக்களுக்கு ஏற்றது. கோவை சுமார் 1,000 கிலோ மீட்டர்தான். சென்னையை விடச் சற்றுக் குறைவு! ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்தவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கம் உள்ளவர்களுக்கு பெங்களூர் விமானம் வசதி. நாள் முழுவதும் விமானங்கள் உண்டு. ஆனால் பெங்களூர் விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் ரோடு தெற்கே. நடுவில் நகர நெரிசலைத் தாண்ட இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

சென்னையில் வடக்கே போகாதீர்கள்

வட மாவட்டத்தவர்களும் டெல்டா மாவட்டத்தவர்களும் சென்னையில்தான் இறங்குவார்கள். அவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம், விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து எழும்பூருக்குப் போவது.

எழும்பூர் வடக்கே இருக்கிறது. ஊரோ தெற்கே இருக்கிறது. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். அங்கே புறநகர் ரெயிலில் ஏறினால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானட்டோரியம், அடுத்தது தாம்பரம். தெற்கே போகும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கின்றன. டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் இடம் தாம்பரம் என்று குறித்துவிட்டால் சுமார் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

பஸ்சில் போகிறவர்களும் கோயம்பேட்டை மறந்துவிட வேண்டும். தென் மாவட்டப் பஸ்களுக்காக 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. வண்டலூரை அடுத்து உள்ளது. இதுவும் விமான நிலையத்துக்குத் தெற்கேதான்.

மும்பைப் பக்கமும் ஒரு வசதி வந்திருக்கிறது. தாராவி வழியாகச் செல்லும் சுரங்க மெட்ரோ ரெயிலின் மூன்றாவது பாதை, விமான நிலையத்தின் 1-வது, 2-வது முனையங்கள் இரண்டையும் தொட்டுச் செல்கிறது. மழைநாளில் டாக்சியில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு முனையங்களும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்வது அவசியம். 2025-ல் நவி மும்பை விமான நிலையமும் திறக்கப்பட்டிருக்கிறது. எந்த நிலையம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் தடவை பறப்பவர்களுக்கு

உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 1 மணி நேரத்துக்கு முன்பே பெட்டி வாங்கும் கவுண்டர் மூடப்படும். விமானத்துக்குள் ஏறும் கதவும் 20, 25 நிமிடத்துக்கு முன்பே அடைக்கப்படும். ரெயிலைப் போல ஓடிப் பிடித்து ஏற முடியாது.

ஆதார், வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் போன்ற ஏதாவது ஓர் அசல் அடையாள அட்டை வேண்டும். அதில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்குச் சிக்கல். நமக்கு இனிஷியல் உண்டு; குடும்பப் பெயர் கிடையாது. விமானக் கம்பெனியோ குடும்பப் பெயரைக் கேட்கும். யாரோ அவசரத்தில் எதையோ நிரப்பிவிட்டால் வாசலிலேயே விசாரணை. டிக்கெட் எடுத்துத் தருபவரிடம் ஆதார் அட்டையைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

சாதாரண டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான் அனுமதி. காய்ந்த தேங்காய் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்தில் விடமாட்டார்கள். செல்போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் வைக்கக் கூடாது.

கட்டணம் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் காலம்போல எல்லோருக்கும் ஒரே கட்டணம் அல்ல. இடம் குறையக் குறைய விலை ஏறும். தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை என்றால் சொல்லவே வேண்டாம். அவசரத்தில் ஒரே கம்பெனியை மட்டும் பார்க்காமல், மதுரை, திருவனந்தபுரம், கோவை, பெங்களூர் என்று எல்லா வழியையும் பார்த்தால் ஏதாவது ஒன்றில் குறைந்த விலைக்கு இடம் இருக்கக்கூடும்.

லீவு பயணச் சலுகையில் போகும் அரசு ஊழியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத் தகுதி இல்லாத நிலையில் உள்ளவர் விமானத்தில் போனாலும், தகுதியான ரெயில் வகுப்பின் கட்டண அளவுக்கு மேல் கிடைக்காது. எங்கே டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ரெயிலில் போகிறவர்களுக்கு, முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. தட்கல் டிக்கெட் முதல் நாள் காலை ஏ.சி. வகுப்புக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் இன்டர்நெட்டில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அவசரம் வந்த பிறகு இதையெல்லாம் செய்ய முடியாது. கணக்கை இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம்.

மும்பை மாலை வேறு. ஊர் மாலை வேறு

இன்னொரு சின்ன விஷயம். சின்னதானாலும் நெஞ்சைத் தொடுவது.

மும்பைக்கும் சென்னைக்கும் கிழக்கு - மேற்கு வித்தியாசம் ஏழு டிகிரிக்கு மேல். ஒரு டிகிரிக்கு சூரியன் 4 நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஆக, சுமார் அரை மணி நேர வித்தியாசம். ஒரு காலத்தில் கடிகாரத்திலேயே இந்த வித்தியாசம் இருந்தது! பம்பாய்க்கு ஒரு நேரம், சென்னைக்கு ஒரு நேரம். ரெயில்கள் சென்னை நேரப்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்த பிறகும், பம்பாய் நகரம் தன் பழைய நேரத்தை 1955 வரை விடாமல் வைத்திருந்தது.

கடிகாரம் ஒன்றாகிவிட்டது, சூரியன் ஒன்றாகவில்லை. மே மாத நடுவில் மும்பையில் மாலை 7 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நெல்லையில் ஆறரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும்.

"இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்" என்று மும்பையில் இருப்பவர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது மும்பை இருட்டு. ஊரிலோ அதற்கு அரை மணிக்கு முன்பே இருட்டிவிடும். பொழுது சாய்ந்தபின் சுடுகாட்டுக்கு எடுப்பதில்லை என்ற வழக்கம் உள்ள ஊர்களில் இந்த அரை மணி பெரிய அரை மணி. ஆகவே "இருட்டுவதற்குள்" என்று சொல்லாமல், இத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அதுவும் விமானம் இறங்கும் மணி அல்ல. வீட்டு வாசலில் வந்து நிற்கும் மணி.

அதில் ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லலாம். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு தாளில் எழுதி வையுங்கள்

துக்கச் செய்தி வந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. கை நடுங்கும். பக்கத்து வீட்டுக்காரர்தான் டிக்கெட் எடுத்துத் தருவார். அவர் சென்னைக்கு எடுத்துவிடுவார். ஊரோ திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆகவே நல்லபடியாக இருக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்துவிடுங்கள். நம் ஊருக்குப் பக்கத்து விமான நிலையம் எது, அங்கிருந்து ஊருக்கு எத்தனை கிலோ மீட்டர், இரவில் பஸ் உண்டா, ஸ்டேஷனில் வந்து அழைத்துப் போகிறவர் யார், ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது, மொத்தம் எத்தனை மணி நேரம். இவ்வளவு போதும்.

மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கட்டும். ஊரில் இருக்கும் தம்பி, தங்கையிடமும் சொல்லி வையுங்கள்: "அவசரம் என்றால் நான் வந்து சேர இத்தனை மணி நேரம் ஆகும்" என்று. நீங்கள் போன் எடுக்கும் முன்பே அவர்கள் அதற்கேற்ப ஏற்பாடு செய்திருப்பார்கள்.